சேர்வராயன் மலை வண்டின் பின்னங்கால்கள்

9-6-2025, திங்கள்

சேக்காட்டில் இருந்து ஆவடி, ஆவடியில் இருந்து பூந்தமல்லி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நசரத்பேட்டை. பூச்சி மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்து சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வந்திருக்கும். குடம் கொஞ்சம் அதிகம். ஒரு சொம்பு.

இன்று முப்பத்தொரு வண்டுகளுக்கு நம்பர் போட்டு ரிஜிஸ்டரில் ஏற்றினேன். ஷாகிதா மேடம் பழைய இங்கிலீஷ் சீட்டைப் படித்துச் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, இது கையா பிரிண்டரா?" என்று கேட்டார். பூந்தமல்லிப் பெண். முப்பத்தொரு வயதில் வண்டுக்கென்றே படித்து டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். நான் மேடம் என்பேன். வேண்டாம் என்றாலும் விடமாட்டேன். படிப்புக்கு மரியாதை.

நாங்கள் ஏற்றுவது சாதாரண வண்டுகள் இல்லை, டைப் வண்டுகள். ஓர் இனத்துக்கு முதன்முதலாகப் பெயர் வைத்தபோது எந்த ஒரு வண்டைக் கையில் வைத்துக்கொண்டு வைத்தார்களோ, அந்த ஒரே வண்டு. ஊசியில் குத்தி, அடியில் சிவப்புச் சீட்டு. நூறு வருஷம் கழித்து எந்த ஊர்க்காரனுக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒன்றைத்தான் வந்து பார்க்க வேண்டும். எங்களிடம் இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன. மேடம் இதை விளக்கத் தொடங்கியதுமே நான், "மாஸ்டர் கேஜ்!" என்றேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஷர் கேஜ், அதாவது அழுத்தத்தை முள்ளால் காட்டும் கருவி செய்யும் கம்பெனியில் இருபத்தேழு வருஷம் இருந்தவன் நான். ஆயிரம் கேஜ் செய்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாஸ்டர் இருக்கும். மற்றதையெல்லாம் அதோடு வைத்துத்தான் சரிபார்ப்போம். அந்தப் பெட்டியைத் துடைக்க என் ஒருவனுக்குத்தான் அனுமதி. ஜப்பான்காரர் ஒருவர் என் விரலைப் பிடித்துப் பார்த்து, இது விரல் இல்லை, மிஷின் என்றார்.

கம்பெனி ஊரைவிட்டுப் போனபின் மூன்று வருஷம் சும்மா கிடந்தவனை, ஐம்பத்தெட்டு வயதில் கூப்பிட்டு ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்த தெய்வத்துக்கு நன்றி. பக்கத்து வீட்டில் "அசிஸ்டெண்ட் சயின்டிஸ்ட்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி தாட்சாயிணி, "அட்டெண்டர்னு சொல்லேன்யா. அதுக்கு இன்னா கொறச்சல்?" என்றாள்.

12-6-2025, வியாழன்

என் வாழ்நாளில் செய்த வேலைகளில் இன்று செய்ததை முதல் மூன்றுக்குள் வைப்பேன்.

மேடம் லீவு. அடுத்த டிராயரைத் துடைத்து, ஒவ்வொரு வண்டின் நிலையையும் ரிஜிஸ்டரில் எழுதி வைக்கச் சொல்லியிருந்தார். திறந்தால் 118-ஆம் நம்பர். சேர்வராயன் மலையில் 1934-இல் பிடித்த சாணி வண்டு. புளியங்கொட்டையில் பாதிதான் இருக்கும். கறுப்பு, ஆனால் வெளிச்சத்தில் சாய்த்தால் செம்பு. தலையில் குட்டிக் கொம்பு. இவ்வளவு லட்சணம் இருந்தும் பின்னங்கால் இரண்டும் இல்லை. எந்தக் காலத்திலோ உதிர்ந்துவிட்டிருக்கின்றன.

மனசு கேட்கவில்லை. கம்பெனியில் எங்களுக்கு ஒரு பழக்கம். முள் இல்லாத கேஜை அப்படியே வெளியே அனுப்பமாட்டோம். ரிஜெக்ட் கூடையில் கிடக்கும் பீசில் இருந்து நல்ல முள்ளைக் கழற்றி இதில் போட்டு, முழுசாக்கித்தான் அனுப்புவோம். இங்கே ரிஜெக்ட் கூடைக்குப் பதிலாக 31-ஆம் தட்டு இருக்கிறது. இன்னும் பெயர் கண்டுபிடிக்காத வண்டுகள். அதில் இதே அளவில் ஒன்றை எடுத்தேன். ட்வீசர், பூதக்கண்ணாடி, உடனே ஒட்டும் ட்யூப் பசை. இரண்டு பின்னங்கால்களையும் கழற்றி, ஊசி முனையில் பசை தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிஷம். ஒட்டிய இடம் எனக்கே தெரியவில்லை.

ரிஜிஸ்டரில் 'நிலை' என்ற கட்டத்தில் எழுதினேன்: முழுமை.

13-6-2025, வெள்ளி

118-ஐ மேடம் பார்த்தார். "1934-ஓடதா இது? எவ்ளோ நல்லா இருக்கு பாருங்க மாமா!" என்றார். செய்ததைச் சொல்லிக்காட்டுவது எனக்குப் பழக்கமில்லை.

2-7-2025, புதன்

நான்காவது அலமாரி முடிந்தது. மேடம் பிரியாணி கொண்டுவந்தார். அவர் அம்மா எனக்கென்று தனி டப்பாவில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். பெற்ற பிள்ளைகள்கூட இப்படி நினைப்பதில்லை. (எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.)

20-7-2025, ஞாயிறு

நல்ல மழை பெய்து விட்டிருந்ததால் மேடம் கூப்பிட்டார். செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனோம். மாடு மேயும் இடமாகப் பார்த்து, சாணியைக் குச்சியால் கிளறி வண்டு தேட வேண்டும். கூடை, மண்வெட்டி, டப்பா எல்லாம் என் பொறுப்பு. இரண்டு மணி நேரம் ஒன்றும் அகப்படவில்லை. நான் ஒரு வேப்பமரத்தடியைக் காட்டி, "இங்க பாப்போம் மேடம்" என்றேன். நிழலுக்காகத்தான் சொன்னேன். முதல் கிளறலிலேயே கொம்பு வைத்த வண்டு! மேடம் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். "மாமா, இது நம்ம 118 மாதிரியே இருக்கு. ஆனா ஏதோ வித்தியாசம் இருக்கு" என்றார். அங்கேயே மொத்தம் ஒன்பது அகப்பட்டன, டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தோம். ஒரு ஓரமாக முதலைகூடத் தெரிந்தது.

வீட்டு வாசலிலேயே தாட்சாயிணி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "இன்னாயா இது நாத்தம்? சாணி பொறுக்கவா உன்ன வேலைக்கு வெச்சாங்க?"

"ஆராய்ச்சிடி."

"ஆராய்ச்சிய வெளியவே கழுவிட்டு ஊட்டுக்குள்ள வா."

11-8-2025, திங்கள்

நிதானமாக எழுதுகிறேன்.

மேடம் இன்று என்னை உட்காரச் சொன்னார். ஏரிக்கரை வண்டு புதிய இனம்தானாம். உலகத்தில் யாரும் இதுவரை பெயர் வைக்காதது. கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் 17-ஆம் தேதி அவருக்கு நிரந்தர வேலைக்கான இண்டர்வியூ. அதற்கு முன்னால் கட்டுரை அச்சுக்குப் போய்விட்டால் அவர் கை ஓங்கிவிடும். ஐந்து வருஷமாக காண்ட்ராக்டிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார், பாவம்.

"பேரு இன்னா வெக்கப் போறீங்க மேடம்?" என்றேன்.

"உங்க பேருதான்."

"விளையாடாதீங்க."

"நீங்கதானே மாமா எடத்தைக் காட்டினீங்க? புடிச்சவங்க பேரை வெக்கறது வழக்கம்தான். பக்தவத்சலமி."

என் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தை மாற்றினால் லத்தீனாகிவிடுகிறது. நூறு வருஷம் போனாலும் இருக்குமாம். என் அப்பா பெயர் ரேஷன் கார்டிலேயே தப்பாகத்தான் இருந்தது. தெய்வமே.

கரையான்சாவடியில் இறங்கி நஜீர் டீக்கடைக்கு ஓடினேன். கேஜ் கம்பெனியில் என் பக்கத்து மேஜைக்காரன், இப்போது கடை வைத்திருக்கிறான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இன்னா வண்டு மாமே?" என்றான்.

"சாணி வண்டு."

"கரெக்டா உனக்குன்னே பொறந்துருக்குது" என்றான். கடையே சிரித்தது. ஆனால் சமோசாவைத் தட்டோடு முன்னால் வைத்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. புகையாகவும் இருக்கலாம்.

15-8-2025, வெள்ளி

அம்பத்தூரில் மச்சான் கோபி வீட்டுக் காதுகுத்து. வண்டு எவ்வளவு பெரிசு என்று கேட்டார்கள். இந்தளவு என்று கையைக் காட்டினேன். பந்தி முடிவதற்குள் அது எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. அமெரிக்காக்காரன் விலைக்குக் கேட்டதாகவும், மேடம் மறுத்துவிட்டதாகவும் சொல்லிவிட்டேன். தாட்சாயிணி இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதுவே எனக்குப் பெரிய உபகாரம்.

22-8-2025, வெள்ளி

மேடம் கம்ப்யூட்டரில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடது பக்கம் 118, வலது பக்கம் ஏரிக்கரை வண்டு. கொம்பு ஒன்றுதான், நிறம் ஒன்றுதான், முதுகில் இருக்கும் புள்ளிகூட ஒன்றுதான். "எதை வெச்சு வேறன்னு சொல்றீங்க மேடம்?" என்று நான்தான் கேட்டேன். நான்தான் கேட்டேன்.

"பின்னங்கால் மாமா. நம்மளோடது வில்லு மாதிரி வளைஞ்சு இருக்கு பாருங்க. டைப்போடது நேரா இருக்கு. அது ஒண்ணு போதும். மொத்தக் கட்டுரையும் இந்தக் கால்லதான் நிக்குது."

நேராக இருக்கிறது. இருக்கத்தானே செய்யும்? அது 31-ஆம் தட்டு வண்டின் கால்.

தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து குழாயடியில் நின்றேன். மாஸ்டர் கேஜ் என்று வாய் கிழியச் சொன்னவன் நான். இருபத்தேழு வருஷத்தில் மாஸ்டரின் முள்ளை எவனாவது தொட்டிருப்பானா? முள் வளைந்திருந்தால் வளைந்தபடியே இருக்கட்டும் என்று விட்டிருப்போமே. நான் எப்படி?

23-8-2025, சனி

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றேன். இல்லை.

25-8-2025, திங்கள்

போனேன். அந்துருண்டை மாற்றினேன். "மாமாவுக்கு இன்னாச்சு, ஊரே அமைதியா இருக்கு?" என்றார் மேடம்.

27-8-2025, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை இறங்கவில்லை.

யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும்தான் தெரியும். ஒட்டிய இடம் எவன் கண்ணுக்கும் தெரியாது. கட்டுரை வரும், மேடத்துக்கு வேலை கிடைக்கும், என் பெயர் நூறு வருஷம் இருக்கும். எல்லோருக்கும் நல்லதுதானே?

என்றைக்காவது எவனாவது பெரிய மைக்ரோஸ்கோப்போடு வந்து, பசையைப் பார்த்துவிட்டால்? அப்போது என்னை எவன் கேட்கப்போகிறான்? ஷாகிதா என்ற பெயர்தான் அச்சில் இருக்கும். பொய்க்காலை வைத்துப் புது இனம் என்று எழுதியவள் என்று அந்தப் பெண்ணைத்தான் சொல்வார்கள்.

31-8-2025, ஞாயிறு

மத்தியானம் சாப்பாட்டின்போது தாட்சாயிணியிடம் சொல்லிவிட்டேன். முழுவதும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கட்டுரை எப்ப அனுப்புது அந்தப் பொண்ணு?"

"எட்டாந்தேதி."

"அப்போ நாளைக்கே போய் சொல்லு."

"வேலை பூடும்டி."

"பூடட்டும்."

"பேரும் பூடும். அம்பத்தூர்ல அத்தினி பேர் முன்னாடி சொல்லிகினு வந்தேன்..."

"நீ சொன்னத எவன்யா நம்புனான்? எலுமிச்சம்பழம் சைசுல வண்டு! கோபி பொண்டாட்டி என்னாண்ட வந்து, அண்ணாவுக்கு உடம்பு சரிதானேன்னு கேட்டா." பிறகு ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "அது அஞ்சு வருசமா படுற பாடு உனுக்குத் தெரியும். அதான் சொல்றேன்."

ஜப்பான்காரர் யாரும் என் விரலைப் பிடித்துப் பார்க்கவில்லை. கம்பெனிக்கு ஜப்பான்காரர்கள் வந்தார்கள், நான் கேண்டீனில் இருந்தேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். எழுத ஆரம்பித்துவிட்டேன், அதனால்.

1-9-2025, திங்கள்

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் ஒரே மூச்சில் சொன்னேன். "மேடம், 118-ஓட பின்னங்கால் அதோடது இல்ல. நான் ஒட்டினது."

மேடம் சிரித்தார்! "காலைலயே ஆரம்பிச்சுட்டீங்களா மாமா?"

"நெசமாத்தான் மேடம்."

"ஏரில முதலை பாத்ததும் நெசம்தான்னு சொன்னீங்க."

"அது உடும்பா இருந்தாலும் இருக்கும். இது நெசம்."

"அடுத்து, 1934-ல அந்த வண்டைப் புடிச்சதே நான்தான்னு சொல்லப் போறீங்க. போய் டீ சொல்லுங்க மாமா."

ஐம்பத்தெட்டு வருஷத்தில் எத்தனை கதை விட்டிருப்பேன், எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார்கள். இதை மட்டும் நம்பவில்லை. நான் டீ சொல்லப் போகவில்லை. அலமாரிக்கடியில் குனிந்து 31-ஆம் தட்டை இழுத்தேன். மூன்றாவது வரிசை, கடைசி வண்டு, பின்னங்கால்கள் இல்லாதது. அதை அப்படியே கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன்.

"கால் இங்கேர்ந்துதான் எடுத்தேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. மைக்ரோஸ்கோப்பில் 118-ஐ வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கால் மூட்டில் கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு இருந்திருக்கிறது. என் கண்ணுக்குத் தெரியாதது.

"என்ன பசை? தண்ணில கரையுமா?"

"கரையாது மேடம்."

"இன்னும் எத்தனைக்கு ஒட்டினீங்க?"

"டைப்ல இது ஒண்ணுதான். சாதாரணத் தட்டுல ரெண்டுக்கு மீசை ஒட்டினேன். எதுன்னு காட்டறேன்."

"வேற?"

"வேற இல்ல."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கட்டுரையின் ஃபைலைத் திறந்து, அப்படியே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

2-9-2025, செவ்வாய்

எங்கள் மியூசியத் தலைவர் லோகநாதன் சார் கூப்பிட்டனுப்பினார். நான் போனதும் அவர் எழுந்து நின்றார் என்று எழுதத் தோன்றுகிறது. எழவில்லை. "நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார். சரிங்க சார் என்று கும்பிட்டேன்.

நேற்று அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல், இப்போது பக்கத்தில் நின்றிருந்த மேடம் அப்போதுதான் வாயைத் திறந்தார். "சார், அவர் சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. சொன்னவரை வெளிய அனுப்பினா, இனிமே இங்க தப்புப் பண்ற எவன் சார் வாயைத் திறப்பான்?"

சார் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "டைப் பக்கம் போகக் கூடாது. பெருக்கற வேலை மட்டும்" என்றார்.

வெளியே வந்து மேடத்துக்கு நன்றி சொல்லப் போனேன். "இப்ப வேணாம் மாமா. எனக்கு இன்னும் கோவம் போகலை" என்றார். மாமா என்றுதான் சொன்னார்.

5-9-2025, வெள்ளி

பெருக்கினேன். துடைத்தேன்.

12-9-2025, வெள்ளி

மேடம் கூப்பிட்டார். "எந்தத் தேதி ஒட்டினீங்கன்னு ஞாபகம் இருக்கா? சீட்டுல போடணும்."

டைரி எழுதுவேன் என்றேன். நம்பாமல் பார்த்தார். பையில் இருந்து எடுத்து ஜூன் 12-ஐத் திறந்து கொடுத்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் படித்தார், முன்னும் பின்னும் புரட்டவில்லை. அந்தக் கண்ணியத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? 'முதல் மூன்றுக்குள் வைப்பேன்' என்ற இடத்தில் அவர் உதடு லேசாக விரிந்தது. பத்து நாளில் பார்த்த முதல் சிரிப்பு. அரைச் சிரிப்பு.

இந்த வேலையில் ஒரு சட்டமாம். வண்டின் ஊசியில் ஒருமுறை குத்திய சீட்டை யாரும் எடுக்கக் கூடாது. தப்பாக இருந்தாலும் அது இருக்கும், அதற்கு அடியில் திருத்தி இன்னொரு சீட்டு வைக்கலாம், அவ்வளவுதான். காலைப் பிய்த்தால் வண்டே உடைந்துவிடும், அதனால் காலும் இருக்கும். அரிசி அளவு எழுத்தில் அச்சடித்து அடியில் குத்தினார். எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார்: 'பின்னங்கால்கள் இரண்டும் இந்த வண்டினுடையவை அல்ல. 12 ஜூன் 2025 அன்று பி. பக்தவத்சலம் ஒட்டியவை. அவரே தெரிவித்தது.'

"கடைசி வரி வேணுமா மேடம்?" என்றேன்.

"அதுதான் மாமா வேணும்" என்றார்.

ரிஜிஸ்டரில் 'முழுமை' என்பதை ஒற்றைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னார். நானே அடித்தேன்.

18-9-2025, வியாழன்

நேற்று மேடத்துக்கு இண்டர்வியூ. தாட்சாயிணி வேம்புலியம்மன் கோயிலில் விளக்குப் போட்டாள். இன்று காலையில் அவர் வரும்வரை நான் ஒரே இடத்தைத்தான் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

கட்டுரை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். நிறுத்திவிட்டேன் என்று சொல்லி, ஏன் என்பதையும் சொல்லியிருக்கிறார். முழுசாக. "உங்க கதையத்தான் இருபது நிமிஷம் சொன்னேன் மாமா." நிரந்தரம் இல்லை. ஆனால் காண்ட்ராக்டை இரண்டு வருஷம் நீட்டி, டைப் வண்டுகள் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்திருக்கிறார்கள். இருநூற்றுப் பன்னிரண்டையும்.

"ஒத்த ஆளா எப்படி மேடம்?" என்றேன்.

"ஒத்த ஆள்னு யாரு சொன்னா? லோகநாதன் சார்கிட்ட பேசிட்டேன். திங்கட்கிழமைலேர்ந்து ரிஜிஸ்டரை எடுங்க. பசையை வீட்லயே வெச்சுட்டு வாங்க."

பூந்தமல்லி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தும் நின்றேன். ஏனென்று தெரியவில்லை.

20-10-2025, திங்கள்

தீபாவளி. கோபி குடும்பத்தோடு வந்திருந்தான். நடந்ததை நடந்தபடி சொன்னேன். புது இனம் என்பது என் பசையால் வந்த வினை, வண்டுக்கு என் பெயர் இல்லை, வண்டும் அரைப் புளியங்கொட்டைதான் என்று. கோபி, "இன்னா மாமா நீ, அமெரிக்காக்காரன் கதையே நல்லா இருந்துச்சே!" என்றான். நஜீரும் அதையேதான் சொன்னான். சமோசா மட்டும் இப்போதும் கொடுக்கிறான், அவன் நல்லா இருக்கணும்.

20-11-2025, வியாழன்

காலையில் இருந்து மழை. ஷாகிதா மேடத்தின் தங்கைக்குப் பிரசவம், அதனால் வரவில்லை. நேற்றே டைப் அலமாரியின் சாவியை என் கையில் கொடுத்து, "பெங்களூர்லேர்ந்து லாவண்யா மேடம் வருவாங்க. 118-ஐயும் ஏரிக்கரை வண்டையும் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜாக்கிரதை என்றுகூடச் சொல்லவில்லை.

லாவண்யா மேடம் சாணி வண்டில் பெரிய ஆளாம். நரைத்த தலை, கழுத்தில் இரண்டு கண்ணாடி. கால்களை விட்டுவிட்டு வயிற்றுப் பக்கத்தையும் வாயையும் வைத்து இரண்டும் ஒன்றா வேறா என்று பார்க்க வந்திருக்கிறார். 118-ஐ எடுத்ததும் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிச் சீட்டில் நின்றார்.

"யார் இந்த பக்தவத்சலம்?"

"நான்தான் மேடம்."

ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "நல்லது. விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சுப் புடிங்க" என்றார்.

நாலு மணி வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பார்ப்பார், எழுதுவார், மறுபடி பார்ப்பார். கடைசியில் முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "ரெண்டும் ஒண்ணுதான். தொண்ணூத்தோரு வருஷமா யார் கண்ணுலயும் படாத வண்டு இது. செத்தே போச்சுன்னு நெனச்சோம். உங்க ஏரிக்கரையில உயிரோட இருக்கு. ஷாகிதாவை உடனே எழுதச் சொல்லணும், இது பெரிய விஷயம்." பிறகு நோட்டை எடுத்தார். "அன்னைக்கு நீங்களும் கூட இருந்தீங்களா? எத்தனை அகப்பட்டுச்சு?"

எனக்கு நாக்கில் முப்பது வந்து நின்றது. நாற்பதுகூட.

"ஒம்பது மேடம்."

அவர் திரும்பிக் கேட்கவில்லை. நோட்டில் ஒன்பது என்று எழுதிக்கொண்டார்.